எர்வின் லாம்பெக்கின் பத்து நிமிடங்கள்

எர்வின் லாம்பெக் பேஸ்பாலின் பெரிய லீக்கில் இருந்தது மொத்தம் ஒன்பது நாள். அதில் ஆடியது ஓர் ஆட்டம். அந்த ஓர் ஆட்டத்தில் மட்டையைத் தூக்கிக்கொண்டு அவர் போய் நின்றது நான்கு முறை. லீக்கின் பதிவேட்டில் இருப்பதோ மூன்று முறைதான். விடுபட்டுப்போன அந்த ஒரு முறையே அவருடைய மிச்ச வாழ்க்கையைத் தீர்மானித்தது என்று ஹாஸ்லர்வில்லில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவரைக் கேட்டால், தம் வாழ்க்கையைத் தீர்மானித்தது பாலாடைக்கட்டி என்பார்.

அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. விஸ்கான்சினின் அந்தப் பகுதியில் மாட்டுக்குப் பிறகுதான் மனிதன். எர்வினின் தந்தை ஊர்ப் பாலாடைக்கட்டி ஆலையை நடத்தினார். பதினான்கு வயதிலிருந்து பெரிய தொட்டியில் மரத்துடுப்பைப் போட்டுக் கிளறிக் கிளறி எர்வினுக்கு மணிக்கட்டு இரும்பாகிவிட்டது. அப்படிப்பட்ட கை கேட்சருக்குத்தான் பொருத்தம். மட்டைக்காரரின் முதுகுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, பாய்ந்து வரும் பந்தை நாள் முழுவதும் வாங்கிக்கொள்ள வேண்டியவர் அவர். இருபது வயதில் நதிக்கரை நகரம் ஒன்றின் சிறிய தொழில்முறை அணியில் எர்வின் சேர்ந்தார். இருபத்துமூன்றாம் வயதில், 1921 ஆகஸ்டில், பெரிய லீக்கில் கடைசி இடத்தில் கிடந்த அணி ஒன்றின் கேட்சருக்கு விரல் முறிந்தது. எர்வினுக்குத் தந்தி வந்தது.

அவர் ஆடவிருந்த அந்த ஓர் ஆட்டத்துக்காக ஹாஸ்லர்வில் மக்கள் ரயில் நிலையத்தில் கூடினார்கள். ஆட்டத்தில் எர்வினின் முறை வரும்போதெல்லாம் செய்தி அனுப்பச் சொல்லித் தந்தி அலுவலகத்தில் ஏற்பாடாகியிருந்தது. வரும் செய்தியைக் காதால் வாங்கிக் கரும்பலகையில் எழுதிப் போடுவது நிலைய அதிகாரியின் மகள் ஹெட்டி புல்ஸின் பொறுப்பு. பித்தளை வாத்தியக் குழுவும் வந்திருந்தது.

இரண்டாம் இன்னிங்ஸில் செய்தி வந்தது: லாம்பெக் வலப்பக்கம் ஹிட் அடித்தார், ஓடி முதல் பேஸ் என்னும் முனையை அடைந்தார். ஹெட்டி எழுதி முடிப்பதற்குள் வாத்தியம் முழங்கிற்று.

அடுத்த செய்தி உடனே வந்தது. அந்த அணியின் மேலாளர் அம்பயரிடம் கொடுத்த, மட்டை பிடிக்கும் வரிசைச் சீட்டில் ஏழாவது பெயர் வேறொருவருடையது. எர்வினின் பெயர் எட்டாவது. தம் பக்கத்துச் சுவரில் ஒட்டிய சீட்டிலோ மேலாளர் இரண்டையும் மாற்றி எழுதிவிட்டார். சுவரைப் பார்த்து எர்வின் ஏழாவதாகப் போனார், அடித்தார், ஓடினார். எதிரணி மேலாளர் நிதானமாக எழுந்து வந்து முறையிட்டார். விதி தெளிவானது. யாருடைய முறையோ அவர் ஆட்டமிழந்தார். முறை தவறி வந்தவரின் அடி செல்லாது. அடுத்து மட்டை பிடிக்க வேண்டியவர் எட்டாமவர். எட்டாமவர் எர்வின். முதல் பேஸில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர் திரும்பி நடந்து வந்து மறுபடியும் மட்டையை எடுத்தார். மூன்று பந்துகள், மூன்றையும் தவறவிட்டு ஆட்டமிழந்தார். மாலைக்குள் இன்னும் இரண்டு முறை போய் வந்தார். அவற்றிலும் ஒன்றும் தேறவில்லை.

பழைய கேட்சரின் விரல் எதிர்பார்த்ததைவிட விரைவாகக் கூடிவிட்டது. ஒன்பதாம் நாள் எர்வின் ரயிலில் ஊர் வந்து இறங்கினார். நடைமேடையில் ஹெட்டி மட்டுமே இருந்தாள்.

"வாத்தியம் எங்க?" என்றார்.

"வாத்தியமெல்லாம் அன்னிக்கே அடிச்சு முடிச்சாச்சு. பத்து நிமிஷம் உன்னப் பெரிய லீக்ல ஹிட் அடிச்சவனா வச்சிருந்தேன். அதுக்கு மேல எங்கப்பா விடல."

"புரியல."

"ரெண்டாவது செய்தி வந்ததும் சாக்பீஸ் உடஞ்சு போச்சுன்னேன். புதுசு தேடினேன். மேசைக்கு அடியில தேடினேன், அலமாரியில தேடினேன். பத்து நிமிஷம் ஆச்சு."

"நிஜமாவே உடஞ்சுதா?"

"உடச்சா உடயாதா?"

எர்வின் பெட்டியைக் கீழே வைத்தார். "அந்தப் பத்து நிமிஷத்துல இங்க என்ன ஆச்சு?"

"ஃபெர்டி ஜான்ட் தொப்பியக் கழட்டி, போற சரக்கு ரயில் மேல வீசினான். அது இப்ப மினசோட்டாவுல இருக்கும்."

மறு ஆண்டு வசந்தத்தில் இருவருக்கும் திருமணம் நடந்தது. தொப்பியை இழந்த ஃபெர்டியே மாப்பிள்ளைத் தோழன்.

எர்வின் சிறிய அணிகளில் இன்னும் நான்கு கோடை ஆடினார். பின்பு இடது முழங்கால் இனிக் குந்த மாட்டேன் என்று சொல்லிவிட்டது. காலையில் ஆலை, மாலையில் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு ஊர்களின் லீக் நடக்கும். வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார். பார்த்தவரின் முகத்தைப் பார்த்த ஹெட்டி ஒரு நாள் சொன்னாள்: "இப்படி வேலியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறதுக்கு, உள்ள போய் அம்பயரா நில்லு. பாதி விதி உனக்குப் பட்டே தெரியும்."

மீதிப் பாதியை அவர் மனப்பாடம் செய்தார். 1927 கோடையில் முகக்கூட்டை மாட்டிக்கொண்டு கேட்சருக்குப் பின்னால் நின்றவர், அந்த இடத்தைத் தம் இடமாக்கிக்கொண்டார். மட்டைக்காரர் நிற்குமிடத்தில் தரையோடு பதித்த வெள்ளைத் தட்டை ஒவ்வொரு ரன்னுக்குப் பின்னும் சிறு துடைப்பத்தால் மூன்று முறை பெருக்குவார். நான்காவது முறை கிடையாது. ஹாஸ்லர்வில் ஆடும் ஆட்டத்துக்கும் அவரையே அம்பயராக வைக்கும்படி எதிரூர்கள் கேட்டன. வேறு எந்த அம்பயரையும் அவர்கள் அப்படிக் கேட்டதில்லை.

ஆனால் அந்த இடம் நிரந்தரமன்று. அம்பயரை ஆண்டுதோறும் அக்டோபரில் ஆறூர்க் கூட்டம் தேர்ந்தெடுக்கும். அவர் பெயரை அவருடைய சொந்த ஊரே முன்மொழிய வேண்டும். வேறு ஊர் முன்மொழிந்தால் செல்லாது. பத்து ஆண்டுகள் ஃபெர்டி ஜான்ட் அந்தப் பெயரைச் சொன்னார். ஃபெர்டி இப்போது மதுக்கடைக்காரர். ஊர் அணியின் மேலாளரும் அவரே. சொல்வதில் அவருக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை, 1937 வரையில்.

அந்த ஆண்டு செப்டம்பரின் முதல் ஞாயிறு, பருவத்தின் கடைசி ஆட்டம். ஹாஸ்லர்வில்லும் பைன் ஃபோர்க்கும் சமநிலையில் இருந்தன, வென்றவருக்கு அந்தப் பருவத்தின் வெற்றிக் கொடி. பைன் ஃபோர்க் நார்வே வழி மக்களின் ஊர். அந்தக் கொடி ஹாஸ்லர்வில்லுக்கு ஒன்பது ஆண்டுகளாகக் கிட்டவில்லை.

கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவது தொடங்கும்போது ஹாஸ்லர்வில் நான்கு, பைன் ஃபோர்க் மூன்று. மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. அந்த வட்டாரத்தில் ஐந்து மணி ஆனால் ஆட்டக்காரர்களில் பாதிப் பேருக்குக் காது மைதானத்தில் இருக்காது. பக்கத்துப் பண்ணைகளில் கறவை மாடுகள் கத்தத் தொடங்கிவிட்டன. பைன் ஃபோர்க்கில் இரண்டு பேர் ஆட்டமிழந்தனர், மூன்றாமவரும் இழந்தால் அவர்கள் முறை முடிந்தது. இரண்டு பேர் பேஸ்களில் நின்றனர். அடுத்தது ஏழாமவர் ஹில்மர் ஸ்குட்டின் முறை. ஹில்மரோ தம் லாரியின் முன்பக்கம் குனிந்து, வண்டியைக் கிளப்பும் இரும்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்த நொடியில் கிளம்ப வேண்டும். வீட்டில் சினைமாடு ஒன்று படுத்திருந்தது.

பைன் ஃபோர்க் இருக்கையில் எட்டாமவர் மெல்வின் ஓஸ் எழுந்தார். தபால் பட்டுவாடா செய்பவர். அந்தக் கோடை முழுவதும் ஒரு ஹிட்டும் அடிக்காதவர்.

"ஹில்மர் எங்கடா?" என்றார் பைன் ஃபோர்க் மேலாளர் தோர்வால்ட், தலையை நிமிர்த்தாமல்.

"வண்டியோட சண்ட போட்டுக்கிட்டிருக்கான். மாடு கத்துது பெரியவரே. நான் போறேன், சீக்கிரம் முடிச்சுடுவோம்."

"நீ போனா சீக்கிரம்தான் முடியும். போ."

மெல்வின் வந்து நின்றார். வெள்ளைத் தட்டுக்குப் பின்னால் எர்வினின் உடல் விறைத்தது. சட்டைப்பையில் இருந்த சீட்டை அவர் எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இல்லை. ஏழும் எட்டும் இடம் மாறினால் எப்படி இருக்கும் என்று உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும்.

இரண்டாம் பந்தில் மெல்வின் கண்ணை மூடிக்கொண்டு மட்டையை வீசினார். பந்து வலப்பக்கம் பறந்தது. இரண்டு பேர் ஓடி வந்து சேர்ந்தனர். பைன் ஃபோர்க் ஐந்து, ஹாஸ்லர்வில் நான்கு. முதல் பேஸில் நின்ற மெல்வின், பந்து போன திசையை இன்னமும் நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பந்து எறியப்படுவதற்குள் ஹாஸ்லர்வில்லிலிருந்து ஒருவர் எழுந்து 'முறை தவறிவிட்டது' என்று சொன்னால் போதும். ஹில்மர் மூன்றாவது ஆளாக ஆட்டமிழப்பார், ரன்கள் அழியும், ஆட்டம் அங்கேயே முடியும், கொடி ஹாஸ்லர்வில்லுக்கு. யாரும் சொல்லாமல் அடுத்த பந்து எறியப்பட்டுவிட்டால் அடித்தது அடித்ததுதான். அம்பயர் தாமாக வாய் திறக்கக் கூடாது. ஸ்கோர் எழுதுபவரும் கூடாது.

ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தவள் ஹெட்டி. கம்பிவலைக்குப் பின்னாலிருந்த சிறு மேசையில் அவளுடைய பென்சில் நின்றுவிட்டது. எர்வின் முகக்கூட்டைக் கழற்றித் திரும்பினார். கணவனும் மனைவியும் வலையின் ஊடே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஹெட்டியின் உதடு இறுக மூடியிருந்தது. கன்னம் மட்டும் அடைத்துவைத்த பானை போல் உப்பியது.

எர்வின் ஃபெர்டியின் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் அதுவே ஒரு சொல்லாகிவிடும். துடைப்பத்தை எடுத்துக் குனிந்தார். ஒன்று. கொஞ்சம் மெதுவாகப் பெருக்கலாம் என்று கை கேட்டது. இரண்டு. ஊர் முழுவதும் முதுகுக்குப் பின்னால் இருந்தது. மூன்று. துடைப்பம் பைக்குள் போயிற்று.

"ஆடுங்க," என்றார்.

ஃபெர்டியின் ஒரு கையில் எதிரணியின் வரிசைச் சீட்டு இருந்தது. மறு கையில் கடின ரொட்டிக்குள் வைத்த பன்றி இறைச்சிச் சாசேஜ் இருந்தது. அவர் வாய் மென்றுகொண்டிருந்தது. பந்து எறியப்பட்டது. ஒன்பதாமவர் ஆட்டமிழந்தார். ஹாஸ்லர்வில்லின் மூன்று பேரும் அடுத்தடுத்து ஆட்டமிழந்தனர். ஹில்மர் ஸ்குட் லாரியில் பறந்தார். கொடி பைன் ஃபோர்க்குக்குப் போயிற்று.

செய்தி மறுநாளே வெளியாயிற்று. பத்திரிகைக்கு விவரம் எடுக்க வந்தவர் ஸ்கோர் புத்தகத்தில் எட்டாமவரின் கட்டத்தில் ஹிட்டையும் ஏழாமவரின் கட்டத்தில் வெறுமையையும் கண்டு, ஹெட்டியைக் கேட்டார். கேட்டதற்கு ஹெட்டி பதில் சொன்னாள். நண்பகலுக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

செவ்வாய் விடியற்காலை ஆலையின் மேடைக்குப் பால் கொண்டு வந்த விவசாயிகள் எர்வினோடு பேசவில்லை. பாலை நிறுக்கும் தராசோடு பேசினர்.

"தராசே, நூத்திப்பத்து காட்டுறியா? சரியாத்தான் இருக்கும். உனக்கும் வாய் கிடையாது பாரு."

"அது நல்ல தராசுப்பா. தன் ஊர்ப் பாலா, அடுத்த ஊர்ப் பாலான்னு பாக்காது."

"பாத்தாலும் சொல்லாது."

எர்வின் பால் கேன்களைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தார். "அடுத்த கேன்," என்றார்.

ஃபெர்டி மட்டும் நேரில் வந்தார். ஆலை வாசலில் நின்று, உள்ளே காலெடுத்து வைக்காமல் கேட்டார்.

"டேய், ஒண்ணு மட்டும் சொல்லு. நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"இருமியிருக்கலாம்ல? ஒரு இருமல். சும்மா."

"எனக்கு இருமல் வரல, ஃபெர்டி."

"அக்டோபர்ல உன் பேரச் சொல்ல எனக்கும் வாய் வராது. தெரிஞ்சுக்கோ."

எர்வின் அடுத்த கேனைக் கவிழ்த்தார். அன்று மாலை வீட்டில் முகக்கூட்டின் தோல்பட்டைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அடுத்த கோடையில் அது தேவைப்படுமா என்று தெரியாமலே தடவினார்.

"சொல்லிருந்தா எல்லாரும் தோள்ல தூக்கிருப்பாங்க," என்றாள் ஹெட்டி.

"நீ சொல்லிருக்கலாமே."

"நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கடிச்சுட்டேன். இன்னும் சூடா எதுவும் குடிக்க முடியல."

"மெல்வின் முகத்தப் பாத்தியா?"

"பாத்தேன்." ஹெட்டி ஸ்கோர் புத்தகத்தை மூடினாள். "கூட்டத்துக்கு நானும் வர்றேன். பருவத்தோட காகிதத்தையெல்லாம் ஒப்படைக்கணும்."

"எப்பவும் தபால்ல தானே அனுப்புவ?"

"இந்தத் தடவ கைல குடுக்குறேன்."

அக்டோபரின் முதல் திங்கட்கிழமை ஆறூர்க் கூட்டம் ஃபெர்டியின் கடைப் பின்னறையில் கூடியது. புளித்த முட்டைக்கோஸும் பன்றி இறைச்சியும் பரிமாறி முடிந்தன. தலைமை வகித்தவர் எல்லோரிலும் வயதில் மூத்தவரான பைன் ஃபோர்க்கின் தோர்வால்ட். "அம்பயர் தேர்வு. ஹாஸ்லர்வில் யாரச் சொல்லுது?" என்று கேட்டார்.

ஃபெர்டி மேற்கூரையைப் பார்த்தார். கடையின் முன்புறத்திலிருந்து எட்டிப்பார்த்த ஊர்க்காரர்களும் மேற்கூரையையே பார்த்தனர். எர்வின் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே அமர்ந்திருந்த நான்கு ஊர்க்காரர்கள் அவர் பெயரைச் சொல்லத் துடித்தனர், சொன்னால் செல்லாது.

"ஒரு நிமிஷம்," என்றாள் ஹெட்டி. "முதல்ல காகிதத்த வாங்கிக்கோங்க. ஸ்கோர் புத்தகம் இது. இதெல்லாம் வரிசைச் சீட்டு. ஆட்டம் முடிஞ்சதும் மேனேஜர்கள்கிட்டேருந்து வாங்கி வச்சது. கடைசி ஆட்டத்துச் சீட்டு மேல இருக்கு. ஃபெர்டி கைல இருந்தது."

தோர்வால்ட் அந்தச் சீட்டை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றினார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"ஏழாவது பேரும் எட்டாவது பேரும் காணோமே."

"பேரு இருக்கு, பெரியவரே," என்றாள் ஹெட்டி. "கடுகுச் சாந்துக்கு அடியில இருக்கு."

சீட்டு கைமாறிக் கைமாறி மேசையைச் சுற்றி வந்தது. மஞ்சள் கறை ஆறிலிருந்து ஒன்பது வரை பரவியிருந்தது. அதில் கட்டைவிரல் ரேகைகூடத் தெளிவாக இருந்தது. முன்கடையிலிருந்து வந்த ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு, ஃபெர்டியின் கட்டைவிரலையும் பார்த்தார்.

"அப்ப நாலு வாரமா எங்கள எர்வின்கூடப் பேசாம இருக்க வச்சது யாரு? சாசேஜா?"

"நான் பசியில இருந்தேன்," என்றார் ஃபெர்டி.

"ஒன்பதாவது இன்னிங்ஸ்ல?"

"மூணாவது சாசேஜ் அது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "நான்தான் வித்தேன்."

சிரிப்பு முன்கடை வரை பரவியது. ஃபெர்டியின் கழுத்து சிவந்தது. அவர் எர்வினைப் பார்த்துக் கேட்டார்: "மெல்வின் நம்ம ஆளா இருந்து, இவங்க கவனிக்காம விட்டிருந்தா? அப்பவும் வாயத் திறந்திருக்க மாட்டியா?"

"மாட்டேன்."

"திறக்காம விட்டிருந்தா நாங்க இவன உதச்சிருப்போம்," என்றார் தோர்வால்ட்.

"உதச்சிருப்பீங்க, ஆனா அடுத்த வாரமும் இவனத்தானே கேட்டிருப்பீங்க," என்றார் ஃபெர்டி.

"கேட்டிருப்போம்."

ஃபெர்டி நெடுநேரம் தம் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு எழுந்து நின்றார். பதினாறு ஆண்டுகளுக்கு முன் ரயிலின்மேல் தொப்பியை வீசிய அதே முகம் மெல்லத் திரும்பி வந்தது.

"ஹாஸ்லர்வில் சொல்ற பேரு எர்வின் லாம்பெக். எழுதிக்கோங்க. ஒண்ணு மட்டும் எனக்கு ஆறவே மாட்டேங்குது. 1921-ல அந்த எதிரணி மேனேஜர் கைல நம்ம ஊர் சாசேஜ் ஒண்ணு இருந்திருந்தா, இவன் ஹிட் இன்னிக்கும் புத்தகத்துல இருந்திருக்கும்."

எர்வின் முதலில் சிரிக்கவில்லை. அதை யோசித்துப் பார்த்தார். பிறகு, எதையும் சரிபார்த்தே ஏற்றுக்கொள்ளும் மனிதர் என்பதால், "கடுகு நிறைய வேணும்," என்றார். அதன்பின் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. ஆறு ஊர்களும் கை தூக்கின.

அவர் மேலும் பதினான்கு கோடைகள் அந்த வெள்ளைத் தட்டுக்குப் பின்னால் நின்றார். பெரிய லீக்கின் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே இன்றும் ஹிட் சுழியம்தான். அதைப் பற்றி அவர் யாரிடமும் குறைபட்டதில்லை. பைன் ஃபோர்க் ஹாஸ்லர்வில்லுக்கு ஆட வரும் ஞாயிறுகளில், ஒன்பதாம் இன்னிங்ஸ் தொடங்கும் நேரம் பார்த்து, தோர்வால்ட் மைதானத்தைக் கடந்து வருவார். கையில் சாசேஜ் வைத்த ரொட்டி இருக்கும். கடுகுச் சாந்து இருபக்கமும் வழியும். அதை ஃபெர்டியிடம் மரியாதையாக நீட்டுவார். ஃபெர்டி வரிசைச் சீட்டை முதலில் ஹெட்டியின் மேசையில் பத்திரமாக வைத்துவிட்டு, அதன்பிறகே வாங்கிக்கொள்வார். எர்வின் அது முடியும் வரை காத்திருப்பார். பின்பு குனிந்து, தட்டை மூன்று முறை பெருக்கிவிட்டு, "ஆடுங்க," என்பார்.